ஒன்றுக்கு அடுத்து பத்து

வெள்ளைக்கரடு என்கிற ஊரில் ஒரு ஆகஸ்டு மாதம், ஒன்றாம் தேதி முடிந்து மறுநாள் பத்தாம் தேதி விடிந்தது. தினசரிக் காலண்டரில் முதல்நாள் தாளைக் கிழித்தவர்கள் அடியில் பத்து என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து, ஃபேன் காற்றில் எட்டுத் தாள் பறந்துவிட்டது போல என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார்கள். தேடிக் கிடைக்காமல் வாசலுக்கு வந்தால் பேப்பரிலும் பத்து, பால் கவரிலும் பத்து, செல்போனிலும் பத்து, ராகு காலம் எமகண்டம்கூடப் பத்தாம் தேதிக்கு உரியதுதான் என்றானதும், சரி, பத்துதான் போலிருக்கிறது என்று பல் விளக்கப் போனார்கள். ஊர் அப்படிப்பட்ட ஊர். எங்கெங்கோ இருக்கிற சுவர்களுக்கெல்லாம் தேதி அச்சடித்து அனுப்புகிற ஊர். வருஷம் பிறப்பதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அந்த வருஷத்தைக் கட்டுக்கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றுகிறவர்களுக்குத் தேதியின்மேல் என்ன பெரிய மரியாதை இருக்கும், சொல்லுங்கள். "ரெண்டாந்தேதி எங்கப்பா போச்சு?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். "வரும், வராம எங்க போயிரும்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் காரணமும் தெரிந்துபோனது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கப்பழம் அண்ணாச்சியின் அச்சாபீஸ் மாடியில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து ஒரு கார்ட்டூன் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் ஒன்று தாள் தாளாகத் தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும், கிழிந்த தாள் சிறகு முளைத்துப் பறந்து போகும், கடைசியில் அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு வருவார். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்ததில், ஒன்று பறந்ததும் பத்து, பத்து பறந்ததும் பதினொன்று என்று பத்தொன்பது வரைக்கும் போய், அதற்குப் பிறகு இரண்டு, அப்புறம் இருபது இருபத்தொன்று என்று வருவதைக் கண்டார்கள். "யாத்தாடி, இதுதானா சங்கதி" என்று ஒரு பூக்காரம்மா சொன்னாள். "மாரீஸ்வரி சேவ் பண்ணினதுல கோளாறு."

அச்சாபீஸ் மாடியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கார்ட்டூன் செய்கிறவள் மாரீஸ்வரி. வயசு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை, பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை வருஷக்கணக்கில் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் எப்போது பார்த்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கார்ட்டூனை ஒரே ஃபைலாகச் சேமிக்காமல் படம் படமாகத்தான் சேமிக்க வேண்டும், நடுவில் கரண்டு போனாலும் போன படம் மட்டும்தான் போகும் என்பது அவள் கட்சி. சேவ் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஆயிரம் கேள்வி கேட்கும். எந்த வகைப் படம் என்று கேட்கும். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகிற வகை வேண்டாம், இடம் அடைத்தாலும் பரவாயில்லை, தேயாத வகையே இருக்கட்டும் என்று அவள் தேர்ந்தெடுப்பாள். என்ன அளவு, எத்தனை நிறம், பின்னணி வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்கக் கேட்க இவள் பார்த்துப் பார்த்துப் பதில் வைப்பாள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம், படத்தின் பெயரில் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று கேட்கிற கட்டம். அதில் இரண்டு என்று போட வேண்டும். போடப் போகும்போது போன் அடித்தது.

"அக்கா, அம்மா கட்டில்லேருந்து சரிஞ்சிட்டாங்க, தூக்கிப் படுக்க வெச்சுட்டேன், ஆனாலும் நீங்க வாங்க" என்றாள் பக்கத்து வீட்டு முத்துச்செல்வி. அவளே நிறைமாசக்காரி. அய்யோ, இவள் எப்படித் தூக்கினாள் என்று பதறி, அந்தக் கட்டத்தில் ஒன்று என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஓக்கேயை அழுத்திவிட்டு மாரீஸ்வரி ஓடினாள். முன்னால் ஒரு பூஜ்யம் நின்றிருந்தால் 01, 02 என்று தாள்கள் வரிசையில் நின்றிருக்கும். பூஜ்யம் இல்லாததால் அந்தக் கம்ப்யூட்டர், பெயரில் முதல் எழுத்தைப் பார்த்து வரிசை கட்டுகிற ஜென்மம், ஒன்றில் தொடங்குகிற அத்தனை பேரையும் முதலில் கூப்பிட்டது. இரண்டு பாவம் கை கட்டிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி உடனே சரிபண்ணச் சொன்னார். ஊர்தான் விடவில்லை. "இப்பச் சரிபண்ணினா பதினொண்ணு பன்னெண்டுன்னு நேரா மாசக் கடைசிக்குப் போயிரும். ரெண்டுலேருந்து ஒம்பது வரைக்கும் உள்ள நாளை யார் தருவா? ஒம்பதாந்தேதி என் மகளுக்குக் கல்யாணம், மண்டபம் பேசியாச்சு" என்று பாத்திரக்கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். நியாயம்தானே. சரி, இந்த மாசம் இப்படியே போகட்டும் என்று விட்டார்கள்.

போகப் போகப் பழகிவிட்டது. பாத்திரக்கடைக்காரர் மகள் பதினோராம் தேதியே மறுவீட்டுக்கு வந்து, கோழி அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, மாப்பிள்ளையோடு முதல் சண்டையும் போட்டு முடித்தாள், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வியாபாரிகள் சங்கத்துப் புதுத் தலைவர் பதினாறாம் தேதி பதவியேற்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்; ஓட்டுப் போடுவது ஐந்தாம் தேதி என்பதால், ஐந்து வந்தபோது பிடிக்காதவர்களும் சாப்பிட்ட லட்டுக்கு மரியாதை கொடுத்து அவருக்கே குத்தினார்கள். சாமியார் ஒருவர் மட்டும் இது கலியுகத்து லட்சணம் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார், யாரும் காது கொடுக்காததால் அவரும் எட்டாம் தேதிப் பலனைப் பத்தொன்பதிலேயே சொல்லிச் சம்பாதிக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் தேதி மாரீஸ்வரியின் அம்மா சீனியம்மாள் இறந்துபோனாள். திரையில் நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, வந்து பார் என்று அண்ணாச்சி கூப்பிட்டனுப்பி, அவள் போயிருந்த நேரம். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கட்டிலைச் சுற்றித் தெருப் பொம்பளைகள் நின்றார்கள், மாரீஸ்வரி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதது நிஜம். ஆனால் அழுகைக்கு நடுவில் அவளுக்கு வந்த முதல் நினைப்பு, இனிமேல் தூங்கலாம் என்பது. புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவை இடம், வலம் என்று புரட்டிப் போட்டுப் போட்டு வருஷக்கணக்கில் ஒழுங்காகத் தூங்காதவள் வேறு என்ன நினைப்பாள்? நினைத்தது நினைத்ததுதான். எடுத்து முடித்து, கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றி, வீட்டைக் கழுவிவிட்டபின் அவள் படுத்துத் தூங்கினாள். அம்மா சாகும்போது பக்கத்தில் இல்லாமல் போனோம், செத்தபின் தூக்கம் வேறு வருகிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு தூங்கினாள்.

பதினான்காம் தேதி பக்கத்து வீட்டு முத்துச்செல்விக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்தொன்பதுக்கு மறுநாள் இரண்டாம் தேதி விடிந்தபோது குழந்தை திரும்பவும் அவள் வயிற்றுக்குள் இருந்து உதைத்துக்கொண்டிருந்தது. இங்கே மாரீஸ்வரி வீட்டில் பரணில் கிடந்த கட்டில் கீழே அதே இடத்தில் நின்றது.

"அடியே, தண்ணி குடு. எவ்வளவு நேரமாக் கூப்புடுறது?" என்றாள் சீனியம்மாள்.

மாரீஸ்வரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அம்மா என்று ஓடிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ, அய்யோ, மறுபடியுமா என்கிற அலுப்பு. அதை முகத்திலிருந்து துடைப்பதற்குள் சீனியம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னடி, நான் வந்தது பிடிக்கலையோ?"

"என்னம்மா பேசுற நீ" என்று மாரீஸ்வரி செம்பை எடுக்க அடுப்படிக்குப் போனாள். அங்கே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பி வந்து தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்து, இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

செத்துப் போனவர்கள் திரும்பி வந்தால் என்ன கேட்பார்கள் என்று நமக்கு ஒரு கற்பனை இருக்கிறதல்லவா, அதெல்லாம் இல்லாமல் சீனியம்மாள் கேட்டது, யார் யார் வந்தார்கள் என்பது. பெரிய மாமா வந்தானா, வரவில்லையா? வரமாட்டான், எனக்குத் தெரியும். மாலை எத்தனை விழுந்தது? கடைசியில், "அந்தப் பச்சைச் சேலையவா எனக்குக் கட்டினீங்க? அது சாயம் போற சேலைடி" என்றாள். தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்கள், சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டார்கள். துக்கத்துக்கு வராதவர்கள் மட்டும் அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தார்கள்.

மறுநாள் இருபதாம் தேதி, கட்டில் பரணுக்குப் போய்விட்டது. இருபத்தெட்டில் பதினாறாம் நாள் காரியம். நடுவில் வந்துவிட்டுப் போனவளுக்குக் காரியம் உண்டா இல்லையா என்று சொந்தக்காரர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்து, எதற்கும் செய்துவிடுவோம், செய்ததில் நஷ்டமில்லை என்று செய்தார்கள். மாரீஸ்வரி ஒன்றிலும் கலந்துகொள்ளாமல் தூணில் சாய்ந்திருந்தாள். மூன்றாம் தேதி வருகிறது, இந்தத் தடவை முகத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அவள் கவலை. மூன்றாம் தேதி ஆடிப்பெருக்காக வந்தது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், அம்மாவுக்குப் பிடித்த எலுமிச்சைச் சாதம் எல்லாம் செய்து, விடியும்போதே சிரித்த முகமாகக் கட்டில் பக்கத்தில் காத்திருந்தாள். சீனியம்மாள் கண் திறந்து பார்த்துவிட்டு, "ஏன் இப்படி இளிச்சுக்கிட்டு நிக்கிற, பயமா இருக்கு" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு நன்றாக இருந்தது.

முப்பதும் முப்பத்தொன்றும் போய் நான்காம் தேதி வந்தபோது, இனி ஒன்பது வரைக்கும் அம்மா தொடர்ந்து இருப்பாள் என்று தெரிந்து, மாரீஸ்வரி அச்சாபீஸுக்கு லீவு சொல்லிவிட்டாள். அவள் லீவு கேட்டதே இல்லை என்பதால் அண்ணாச்சி காரணம்கூடக் கேட்காமல் கொடுத்துவிட்டார். நாலு, ஐந்து, ஆறு என்று நாட்கள் போயின, அவள் புரட்டினாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், எரிந்து விழுந்தாள், எரிந்து விழுந்ததற்கு அழுதாள், திரும்பவும் புரட்டினாள். பாசம் இருந்தது, அலுப்பும் இருந்தது, இரண்டும் ஒரே பாயில்தான் படுத்துக்கொண்டன.

எட்டாம் தேதி சாயங்காலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்துவிட்டார், பின்னால் ஊரில் பத்துப் பேர். "ஆத்தா, மாரீசு, நாளைக்குள்ள அந்தப் பூஜ்யத்தைப் போட்டுரு. ஒம்பதுக்கு அடுத்துப் பத்து வரட்டும்" என்றார். அவர் பாடு அவருக்கு. அந்தக் குழப்பத்தில் பைண்டிங் ஆட்களும் தாளை ஒன்று, பத்து, பதினொன்று என்றே அடுக்கித் தைத்துவிட்டார்கள். குடோன் முழுக்கக் கோணல் காலண்டர். பத்தாம் தேதியிலிருந்து நாட்கள் திரும்பவும் வந்தால் ஒழுங்காகத் தைத்துவிடலாம். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கணக்கு. ஒருவர் பதினேழாம் தேதி மச்சானைக் கை நீட்டிவிட்டார், அந்த நாள் திரும்ப வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன் என்றார். இரண்டாம் தடவை வாழக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

மாரீஸ்வரிக்கும் ஆசை இருந்தது, அதுதான் விஷயம். பூஜ்யத்தைப் போட்டால் பன்னிரண்டாம் தேதி திரும்ப வரும். நிறமாவது மண்ணாவது என்று அன்றைக்கு வீட்டிலேயே இருக்கலாம், அம்மா தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம், வாயில் ஒரு வாய்த் தண்ணீர் விடலாம். போடாவிட்டால் ஒன்பதுக்கு அடுத்து செப்டம்பர் ஒன்று. அம்மா அதற்குள் எப்போதோ செத்தவளாக இருப்பாள். "நாளைக்குக் காலையில வந்து பண்ணிர்றேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர்கள் போனதும் முத்துச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். நாள் திரும்ப வந்தா பதினாலாந்தேதி எனக்குத் திரும்ப வலி வரும். ஒரு தடவை பட்டதே போதும்க்கா, என்னால முடியாது. ஒண்ணாந்தேதி விடிஞ்சா பிள்ளை பாட்டுக்குத் தொட்டில்ல கிடக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க" என்று அழுதாள். மாரீஸ்வரி அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

ஒன்பதாம் தேதி காலையில் மண்டபத்தில் மேளம் கேட்டது. பாத்திரக்கடைக்காரர் மகளுக்கும், ஏற்கெனவே நாலு சண்டை போட்டிருந்த அவள் புருஷனுக்கும் கல்யாணம். மாரீஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு அச்சாபீஸுக்குக் கிளம்பி நின்றாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"ஒரு சின்ன வேலைம்மா. வந்துர்றேன்."

"பூஜ்யம் போடப் போறியாக்கும். நேத்து பேசினது பூரா எனக்குக் கேட்டுச்சு. காலுதான் விழுந்துச்சு, காது விழலை."

மாரீஸ்வரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேம்மா. அது என்னை அறுக்குது. இந்தத் தடவை இருக்கேன். இமைக்காம இருக்கேன்."

சீனியம்மாள் மகள் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். "நீ பக்கத்துல இல்லேங்கிறதுக்காக நான் இன்னொரு தடவை சாகணுமா?"

மாரீஸ்வரி அம்மாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"வலிச்சதுடி அன்னைக்கு. உனக்குச் சொல்லலை. நீ வேலைக்குப் போறவளாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். அதை எதுக்கு நான் ரெண்டாம் தரம் பாக்கணும்? உனக்கு மட்டும்தான் அலுப்பா? எனக்கும் அலுத்துப்போச்சு. இடம் வலம், இடம் வலம், எத்தனை தடவைதான் திரும்புறது" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "தூங்கலாம்னு நெனச்சேல்ல நீ, நான் போனதும்?" என்று கேட்டாள்.

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள்.

"நெனப்ப. நான் எங்க மாமியாருக்கு அப்படித்தான் நெனச்சேன். அதுல என்ன இருக்கு. ஆறு நாளாப் பக்கத்துலதான இருக்க, போதும். கல்யாணத்துப் பாயசம் குடுத்துவிடுவாங்க, அதை ஊட்டு. அப்புறம் நீயும் படு."

பாயசம் வந்தது. சீனியம்மாள் சேமியா குழைந்துவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டாள். அண்ணாச்சியிடமிருந்து போன் மேல் போன் வந்தது, மாரீஸ்வரி எடுக்கவில்லை. சாயங்காலம் அம்மாவை வலப்பக்கமாகப் புரட்டிவிட்டு, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து, அம்மாவின் விழாத கை தன் தலைமேல் கிடக்கும்படி படுத்துக்கொண்டாள். சீனியம்மாள் அன்றைக்குத் தண்ணீருக்குக்கூடக் கூப்பிடவில்லை.

கண் விழித்தபோது செப்டம்பர் ஒன்று. கட்டில் பரணில் இருந்தது. பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது, முத்துச்செல்வி "வந்துட்டியா ராசா, இனிமே போகாத" என்று சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மாரீஸ்வரி அச்சாபீஸுக்குப் போனாள். அண்ணாச்சி வாசலிலேயே நின்று, குடோனைக் காட்டி, தைத்த கட்டைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இப்பப் போட்டுர்றேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லி மாடி ஏறினாள். என்ன வகை, என்ன அளவு, எத்தனை நிறம் என்று கம்ப்யூட்டர் வழக்கம்போல் கேட்டது. அவள் பதில் வைத்துக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் இரண்டு என்று போட்டாள். பத்திலிருந்து முப்பத்தொன்று வரைக்கும் பெயர் மாறவில்லை. பழையதை அழித்து அதன்மேல் எழுதவா என்று கேட்டது, எழுது என்றாள். ஆனால் 01, 02 என்பவை புதுப் பெயர்கள். அவை வந்து நின்ற பிறகும், பூஜ்யம் இல்லாத பழைய ஒன்றும் இரண்டும் மூன்றும், நாலிலிருந்து ஒன்பது வரைக்கும் எல்லாம், அதே ஃபோல்டரில் ஓரமாக நின்றன. அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும். விட்டுவைத்தால் திரையில் அவையும் நடுநடுவே பறக்கும், ஊரில் அந்த நாட்களும் நடுநடுவே விடியும்.

அவள் அந்த ஒன்பது படங்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டில் அம்மா தண்ணீர் கேட்டாள். மூன்றில் சிரித்தாள். பிறகு அத்தனையையும் சேர்த்துப் பிடித்து அழிக்கச் சொன்னாள். நிஜமாகவே அழிக்கவா, திரும்பக் கிடைக்காது என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. "அவளுக்கு அலுத்துப்போச்சாம்" என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அழுத்தினாள்.

வெளியே திரையில் ஒன்றுக்கு அடுத்து இரண்டு பறந்தது. பஸ் ஸ்டாண்டில் யாரோ கை தட்டினார்கள். மாரீஸ்வரி மேஜையில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள். திட்டு பாக்கி இருக்கிறதென்று மாடி ஏறி வந்த அண்ணாச்சி, அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு, ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுச் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார். இரண்டு மணி நேரம் போனபிறகு, கண் திறக்காமலே அவள் கை நீண்டது, பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைப் பிடித்தது, மெதுவாக, வலிக்காமல், இடப்பக்கமாகத் திருப்பி வைத்தது.